அல்சருக்குக் காரணம் கவலையா, கிருமியா?

வயிறு எரிகிறது என்று சொன்னதும் வீட்டில் இரண்டு தீர்ப்புகள் தயாராக இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடாததால் வந்தது என்பது ஒன்று. எதையாவது போட்டு மனதைக் குடைந்துகொண்டே இருந்தால் அல்சர் வராமல் என்ன செய்யும் என்பது இன்னொன்று. மருத்துவமனைக்குப் போனால் கதை வேறு. அங்கே கவலையைப் பற்றி பெரும்பாலும் யாரும் விசாரிப்பதில்லை. எண்டோஸ்கோப்பிக் குழாயை உள்ளே விட்டு இரைப்பையைப் பார்க்கிறார்கள், துளித் திசுவைக் கிள்ளிச் சோதிக்கிறார்கள், எச். பைலோரி என்ற கிருமி இருக்கிறது என்று இரண்டு வாரத்துக்கு ஆன்ட்டிபயாடிக் எழுதித் தருகிறார்கள். பெரும்பாலோருக்குப் புண் ஆறிவிடுகிறது. கவலை கரைந்ததா என்றால் இல்லை, அது அப்படியேதான் இருக்கிறது. அப்படியானால் கவலை உடம்பைக் கெடுக்கும் என்பது வெறும் பேச்சுத்தானா? இதை அல்சரை வைத்தே விசாரிப்பது நல்லது. மன அழுத்தத்துக்கும் உடல்நோய்க்கும் உள்ள உறவை மருத்துவம் அளவுக்கு மீறி நம்பியது, பிறகு அளவுக்கு மீறிக் கைகழுவியது, கடைசியில் ஒருவாறு நிதானத்துக்கு வந்தது. இவ்வளவும் இந்த ஒரு நோயின் வரலாற்றுக்குள் நடந்திருக்கிறது.

மனநிலை மாறினால் வயிறும் மாறும் என்பதை ஆய்வாளர்கள் நேராகக் கண்ணால் பார்த்தார்கள். எக்ஸ்-கதிர் கண்டுபிடிக்கப்பட்ட சில ஆண்டுகளுக்குள், 1890களின் கடைசியில், ஹார்வர்டில் மருத்துவ மாணவராக இருந்த வால்ட்டர் கேனன் பூனைகளுக்குப் பிஸ்மத் உப்புக் கலந்த உணவைக் கொடுத்து, அவற்றின் இரைப்பை அசைவதைக் கதிர்த்திரையில் கவனித்தார். பூனை மிரண்டாலோ சீறினாலோ அந்த அசைவு சட்டென்று நின்றது. அது அமைதியானதும் மறுபடி தொடங்கியது. 1940களில் நியூயார்க்கில் ஸ்டூவர்ட் வுல்ஃப், ஹெரால்டு வுல்ஃப் என்ற இரு மருத்துவர்களுக்கு இன்னும் அபூர்வமான வாய்ப்பு வாய்த்தது. சிறுவயதில் கொதிக்கும் சூப்பை விழுங்கி உணவுக்குழாய் அடைபட்டுப்போன ஒருவர், வயிற்றில் போட்ட துளை வழியாகவே உணவைச் செலுத்திக்கொண்டு வாழ்ந்துவந்தார். அந்தத் துளை வழியே இரைப்பையின் உட்படலத்தைப் பார்க்கலாம். அவர் யார்மீதாவது உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தபோது அது சிவந்து அமிலம் பெருகியது. பயந்தபோது வெளிறி அமிலம் குறைந்தது.

இவ்விரண்டுக்கும் நடுவில், 1936-இல், மான்ட்ரியலில் ஹான்ஸ் செல்யே என்ற இளம் ஆய்வாளர் புதிய ஹார்மோன் ஒன்றைத் தேடி எலிகளுக்கு மாட்டுச் சினைப்பைச் சாற்றை ஊசியாகப் போட்டுக்கொண்டிருந்தார். அறுத்துப் பார்த்தபோது சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் வீங்கியிருந்தன. நோயெதிர்ப்பு அணுக்கள் வளரும் தைமஸ் சுரப்பி சுருங்கியிருந்தது. வயிற்றிலும் முன்சிறுகுடலிலும் புண்கள். கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம் வெகுநாள் நிலைக்கவில்லை. வேறு உறுப்புகளின் சாற்றைப் போட்டாலும், ஃபார்மலினைப் போட்டாலும், எலியைக் குளிரில் வைத்தாலும், ஓயாமல் ஓடவிட்டாலும் அதே மாற்றங்கள் வந்தன. ஹார்மோன் கனவு கலைந்தது. அதைவிடப் பெரிய ஒன்று கையில் கிடைத்தது: தொல்லை எதுவாக இருந்தாலும் உடல் ஒரே மாதிரிப் பதில் சொல்கிறது. 'நேச்சர்' இதழில் வந்த அவருடைய சிறு குறிப்பிலிருந்துதான் இன்றைய ஸ்ட்ரெஸ் ஆய்வு கிளை விட்டது.

அந்தப் பதில் எப்படிப் போகிறது என்பது இப்போது ஓரளவு தெளிவாகத் தெரியும். ஆபத்து என்று மூளை முடிவு செய்தவுடன் செய்தி இரண்டு வழியில் கிளம்புகிறது. ஒன்று நரம்பு வழி. நொடிகளில் வேலை முடியும். நம் விருப்பத்தைக் கேட்காமல் இயங்கும் பரிவு நரம்புகள் அட்ரினல் சுரப்பியின் உட்பகுதியைத் தூண்ட, அட்ரீனலின் ரத்தத்தில் கலக்கிறது. இதயம் வேகமெடுக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, வயிற்றுக்கும் தோலுக்கும் போகும் ரத்தம் குறைந்து தசைகளுக்குத் திருப்பப்படுகிறது. இன்னொன்று ஹார்மோன் வழி. சில நிமிடங்கள் பிடிக்கும். மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிக்குச் சொல்ல, பிட்யூட்டரி அட்ரினலின் வெளிப்பகுதிக்குச் சொல்ல, கார்ட்டிசால் சுரக்கிறது. அது சர்க்கரையைக் கிடங்கிலிருந்து வெளியே எடுத்து விடுகிறது. செரிமானம், வளர்ச்சி, இனப்பெருக்கம் போன்ற அவசரமில்லாத வேலைகளைத் தள்ளிவைக்கிறது. அழற்சியை, அதாவது காயமோ கிருமியோ வந்த இடம் சிவந்து வீங்கும் எதிர்வினையை, அடக்கிவைக்கிறது. நாய் துரத்தும்போது இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது. நிறுத்துவதற்கும் வழி உள்ளேயே இருக்கிறது: ரத்தத்தில் கார்ட்டிசால் போதிய அளவுக்கு ஏறியதும் அதுவே மூளைக்குப் போய்ச் சுரப்பை நிறுத்தச் சொல்கிறது. மேல்தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானாக அணைக்கும் மிதவைபோல. மோட்டார் ஓடுவதால் வீட்டுக்குக் கெடுதல் இல்லை. மிதவை சிக்கிக்கொண்டு, தண்ணீர் இரவு பகலாக வழிந்து சுவர் ஊறும்போதுதான் கெடுதல். கடன், தீராத வழக்கு, படுக்கையில் கிடக்கும் பெற்றோர், பிடிக்காத மேலதிகாரி என்று மாதக்கணக்கில் மூளை ஆபத்து அறிவிப்பை வாபஸ் வாங்காதபோது நடப்பது ஏறக்குறைய இதுதான்.

கொள்கை இவ்வளவு அழகாக அமைந்துவிட்டதில் ஓர் அபாயம் இருந்தது. 1950களில் வயிற்றுப்புண் என்றாலே பரபரப்பான மனிதரின் நோய் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஓய்வெடு, பால் குடி, காரத்தைக் குறை, கவலைப்படாதே: இவையே வைத்தியம். புண் ஆறும், பிறகு மீண்டும் வரும். 1979-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற நோயியல் மருத்துவர், இரைப்பைத் திசுத் துண்டுகளில் வளைந்த பாக்டீரியாக்களைக் கண்டார். இன்று எச். பைலோரி எனப்படுபவை இவைதான். அமிலக் குளத்தில் எந்தக் கிருமியும் வாழாது என்று எல்லோரும் நம்பியிருந்த காலம். பாரி மார்ஷல் அவரோடு சேர்ந்தார். கிருமியை வளர்க்கும் முயற்சிகள் ஒவ்வொன்றாகத் தோற்றன. இரண்டு நாளில் எதுவும் முளைக்காததால் தட்டுகளைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1982-இல் ஈஸ்டர் விடுமுறை குறுக்கிட்டதால் சில தட்டுகள் ஐந்து நாள் அடைகாப்பில் கிடந்தன. அவற்றில் கிருமி வளர்ந்திருந்தது. அப்போதும் உலகம் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்தார். சில நாட்களில் வாந்தி தொடங்கியது, இரைப்பையில் கடும் அழற்சி தெரிந்தது. இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்குள் ஊசல் மறுகோடிக்குப் போய்விட்டது. அல்சருக்கும் மனதுக்கும் சம்பந்தமே இல்லை என்பது படித்தவர்களின் புதிய பாடமானது. 'எல்லாம் மனசுதான்' என்ற சோம்பேறி விளக்கத்துக்கு எதிரான எடுத்துக்காட்டாக இது இன்றும் காட்டப்படுகிறது.

ஆனால் மார்ஷலுக்கு வந்தது இரைப்பை அழற்சி, புண் வரவில்லை. கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் இந்த விவரத்தில்தான் மீதி விஷயம் இருக்கிறது. உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் வயிற்றில் இந்தக் கிருமி குடியிருந்ததாக மதிப்பீடுகள் சொல்கின்றன. அவர்களில் வாழ்நாளில் புண் வருவது பத்தில் ஒன்றிரண்டு பேருக்குத்தான். மற்றவர்களுக்கு ஏன் வருவதில்லை? கிருமியின் ரகம், ஆளின் மரபு, புகைப் பழக்கம், ஆஸ்பிரின் போன்ற வலிமாத்திரைகள் எல்லாம் கணக்கில் உண்டு. அந்தக் கணக்கில் மன அழுத்தத்துக்கும் ஓர் இடம் இருப்பதைப் பேரிடர்கள் காட்டின. 1940-இல் லண்டன்மீது ஜெர்மானிய விமானங்கள் குண்டு வீசிய மாதங்களில், வயிற்றுப்புண் பொத்துக்கொண்டு அங்கே மருத்துவமனைகளுக்கு வந்தவர்கள் அதிகரித்ததை 1942-இல் 'லான்செட்' இதழ் வெளியிட்டது. 1995 ஜனவரி 17 அன்று ஜப்பானின் கோபே பகுதியை நிலநடுக்கம் உலுக்கிய பிறகு ரத்தம் கசியும் புண்கள் கூடின. அப்படி வந்தவர்களில் பெரும்பாலோர் கிருமி உள்ளவர்கள். 2011-இல் ஜப்பானின் வடகிழக்கைச் சுனாமி தாக்கிய பிறகு, கிருமியும் இல்லாமல் வலிமாத்திரையும் சாப்பிடாமல் புண் வந்தவர்களின் பங்கு முந்தைய ஆண்டைவிட உயர்ந்திருந்தது. ஆகவே ஒன்றை ஒதுக்கிவிட்டு மற்றதை நாற்காலியில் உட்கார வைக்கத் தேவையில்லை. கிருமி படலத்தை நலிவாக்குகிறது. ரத்த ஓட்டம் குறைந்து, பாதுகாக்கும் சளிப்பூச்சு மெலிந்திருக்கும் வேளையில் அந்த நலிவு புண்ணாகிறது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். மன உளைச்சலில் இருப்பவர்கள் அதிகம் புகைக்கிறார்கள், குடிக்கிறார்கள், தூங்குவதில்லை, தலைவலிக்கு மாத்திரை போடுகிறார்கள். கெடுப்பது இவைதானே, மனம் என்ன செய்தது? இந்த ஆட்சேபத்துக்கு இன்னும் கூர்மையான காரணமும் உண்டு. இதயநோய்க்குப் புகை காரணமல்ல, பரபரப்பே காரணம் என்று காட்ட விரும்பிய புகையிலை நிறுவனங்கள் ஸ்ட்ரெஸ் ஆய்வுக்குப் பணம் கொடுத்தன. செல்யேயும் அந்தப் பணத்தைப் பெற்றார் என்பது பின்னாளில் வெளியான அந்த நிறுவனங்களின் ஆவணங்களிலேயே இருக்கிறது. எனவே இந்தத் துறையில் சந்தேகப்படுவது தவறல்ல, கடமை. அல்சரிலேயே மன அழுத்தத்தின் பாதிப்பில் ஒரு பகுதி இந்தப் பழக்கங்கள் வழியாகத்தான் வருகிறது. முழுவதும் அப்படியா என்று அறிய வேறு மாதிரி ஆய்வு வேண்டும். மருந்து ஆய்வில் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை என்று குலுக்கிப் போடலாம். ஆனால் பாதிப் பேருக்கு வேலையைப் பறித்து, பாதிப் பேருக்கு விட்டுவைக்க முடியாது.

அமெரிக்க உளவியலாளர் ஷெல்டன் கோஹன் இதற்கு ஒரு சாமர்த்தியமான வழி கண்டார். மன அழுத்தத்தைக் கொடுக்க முடியாது, அளக்கலாம். கிருமியையோ நாமே கொடுக்கலாம். இங்கிலாந்தின் சால்ஸ்பரியில் ஜலதோஷ ஆய்வுக்கென்றே இருந்த ஒரு விடுதியில், ஆரோக்கியமான 394 தன்னார்வலர்களின் மன அழுத்தத்தை முதலில் அளந்துகொண்டு, பிறகு ஐந்து வகை சுவாச வைரஸ்களில் ஏதாவது ஒன்றை மூக்கில் சொட்டு விட்டார்கள். வேறு சிலருக்கு வெறும் உப்புநீர். எல்லோருக்கும் கிருமி ஒரே விதமாகப் போனதால், உளைச்சலில் இருப்பவர் கூட்டத்தில் அதிகம் அலைந்து தொற்றிக்கொண்டாரோ என்ற கேள்விக்கே இடமில்லை. 1991-இல் வந்த முடிவு: மிகக் குறைந்த அழுத்தம் உடையவர்களில் சுமார் 27 சதவீதம் பேருக்கு ஜலதோஷம் பிடித்தது, மிக அதிகம் உடையவர்களில் சுமார் 47 சதவீதம். நடுவில் இருந்தவர்கள் படிக்கட்டுபோல் நடுவிலேயே. புகை, மது, தூக்கம், உணவு, உடற்பயிற்சி எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் வித்தியாசம் நின்றது. 1998-இல் அவர் செய்த அடுத்த ஆய்வு இன்னும் முக்கியமான ஒன்றைச் சொன்னது. ஒரு மாதத்துக்கு மேல் இழுக்கும் தொல்லைகள், குறிப்பாக வேலையின்மையும் உறவுச் சிக்கலும், ஆபத்தைக் கூட்டின. ஒரு மாதத்துக்குள் முடியும் தொல்லைகள் கூட்டவில்லை. கார்ட்டிசால் அழற்சியை அடக்கும் என்றால் உளைச்சலில் மூக்கு ஏன் ஒழுக வேண்டும் என்ற புதிருக்கும் அவருடைய குழுவே 2012-இல் விடை தந்தது: நெடுநாள் அழுத்தத்தில் நோயெதிர்ப்பு அணுக்கள் கார்ட்டிசாலுக்குச் செவி சாய்ப்பதை விட்டுவிடுகின்றன. ஹார்மோன் இருக்கிறது, அதன் சொல் எடுபடுவதில்லை, அழற்சி கட்டுமீறுகிறது.

காயத்தை வைத்தும் பார்த்தார்கள். ஒஹாயோவில் ஜானிஸ் கீக்கோல்ட்-கிளேசரும் உடனுழைத்தவர்களும், 11 பல்மருத்துவ மாணவர்களின் மேல்வாயில் 3.5 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சிறு காயத்தைக் கோடை விடுமுறையிலும், அதே ஆளுக்கு மறுபக்கம் இன்னொன்றைத் தேர்வுக்கு மூன்று நாள் முன்னும் ஏற்படுத்தினார்கள். தேர்வுக்காலக் காயம் ஆற சராசரியாக 40 சதவீதம் அதிக காலம் பிடித்தது. பதினொரு பேர் மிகச் சிறிய எண்ணிக்கைதான். ஆனால் ஒவ்வொருவரும் தமக்குத் தாமே ஒப்பீடு என்பதும், ஒருவருக்குக்கூடத் தேர்வுக்காலத்தில் காயம் விரைவாக ஆறவில்லை என்பதும் அந்தக் குறையை ஈடுசெய்கின்றன.

இதயத்தைப் பொறுத்தவரை நிதானமாகப் பேச வேண்டும். 1994-இல், கோபே நிலநடுக்கத்துக்குச் சரியாக ஓராண்டு முன் அதே ஜனவரி 17 அன்று, லாஸ் ஏஞ்சலிஸின் நார்த்ரிட்ஜ் பகுதியில் விடியுமுன் நிலம் நடுங்கியது. அந்த மாவட்டத்தில் இதயநோயால் திடீரென இறப்பவர்கள் முந்தைய வாரத்தில் நாளொன்றுக்குச் சராசரி 4.6 பேர், அன்று 24 பேர். அவர்களில் ஓடியாடிச் சிரமப்பட்டவர்கள் சிலரே, ஆகவே உடலுழைப்பு காரணமல்ல. ஆனால் அடுத்த ஆறு நாட்களில் அந்தச் சராசரி 2.7-க்கு இறங்கியது. எப்படியும் விளிம்பில் இருந்தவர்களைத்தான் அதிர்ச்சி சில நாள் முன்னதாகத் தள்ளிவிட்டது என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். ரத்தக்குழாய் அடைப்பை அன்றைய பயம் உண்டாக்கவில்லை. ஆண்டுக்கணக்கான அழுத்தம் அடைப்பையே வளர்க்குமா என்பதற்குச் சான்று மறைமுகமானது. பாஸ்டனில் 293 பேரை ஸ்கேன் செய்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், மூளையில் அச்சத்தைக் கையாளும் அமிக்டலா பகுதி அதிகம் இயங்கியவர்களுக்கு எலும்பு மஜ்ஜையின் செயல்பாடும் ரத்தக்குழாய் அழற்சியும் அதிகம் இருந்தன. அடுத்த சில ஆண்டுகளில் இதய, மூளைத் தாக்குகளும் அவர்களுக்கே கூடுதல். வழி புலப்படுகிறது, ஆனால் இது நிரூபணம் ஆகாது.

சரி, அழுத்தத்தில் எது கெடுக்கிறது, பாரத்தின் அளவா? நம்மில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். 1958-இல் ஜோசப் பிரேடி செய்த குரங்கு ஆய்வு அதையே உறுதிசெய்ததுபோல் தோன்றியது. இரண்டு குரங்குகளுக்கும் ஒரே மின்னதிர்ச்சி. ஒரு குரங்கு நெம்புகோலை அழுத்தினால் இரண்டும் தப்பும். பொறுப்பைச் சுமந்த குரங்குகளுக்கே புண் வந்தது. 'அதிகாரிக் குரங்குகள்' பத்திரிகைகளில் பிரபலமாயின. அல்சர் உள்ள மேலாளர்களுக்கு ஒரு கௌரவமும் கிடைத்தது. ஆனால் குரங்குகளைப் பிரேடி குலுக்கிப் போட்டுப் பிரிக்கவில்லை. முன்சோதனையில் வேகமாக நெம்புகோலை அழுத்தியவற்றை, அதாவது ஏற்கெனவே பதற்றம் மிகுந்தவற்றைத்தான் அதிகாரிகளாக்கியிருந்தார். பின்னர் ஜே வைஸ், எலிகளைக் குலுக்கிப் பிரித்து அதைத் திருப்பிச் செய்தார். இரண்டு எலிகளின் வாலிலும் ஒரே மின்சாரம். ஒன்று சக்கரத்தைத் திருப்பினால் இரண்டுக்கும் அதிர்ச்சி நிற்கும். இப்போது புண் அதிகம் வந்தது, எதுவும் செய்ய முடியாமல் பக்கத்தில் கிடந்த எலிக்கு. இன்னொரு சோதனையில், அதிர்ச்சிக்கு முன் ஒலி எழுப்பி எச்சரிக்கப்பட்ட எலிகளுக்குப் புண் குறைவு. எப்போது வரும் என்று தெரியாமல் அதே அதிர்ச்சியை வாங்கியவற்றுக்கு மிக அதிகம். அளவில் ஒரே தொல்லைதான். அதைத் தடுக்க வழி உண்டா, எப்போது வரும் என்று தெரியுமா என்ற இரண்டும் உடம்பில் புண்ணின் அளவைத் தீர்மானித்தன.

எலிக்கு நடந்தது மனிதருக்கும் நடக்குமா? மைக்கேல் மார்மட் ஆராய்ந்த லண்டன் ஒயிட்ஹால் அரசு ஊழியர்கள் ஒரு பதில் தருகிறார்கள். 1967-இல் தொடங்கிய முதல் ஆய்வில், கடைநிலை ஆண் ஊழியர்களின் இறப்பு வீதம் உச்சநிலை அதிகாரிகளைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. எல்லோரும் அலுவலக வேலை செய்பவர்கள், எல்லோருக்கும் அரசு மருத்துவ வசதி. புகையும் ரத்த அழுத்தமும் கொழுப்பும் அந்த இடைவெளியில் பாதியைக்கூட விளக்கவில்லை. 1985-இல் 10,308 பேரோடு தொடங்கிய இரண்டாம் ஆய்வில், வேலையை எப்படி, எப்போது செய்வது என்பதில் தமக்குச் சொல் இல்லாதவர்களுக்கு இதயநோய் அதிகம் வந்தது. நோயாளி தன் வேலையைக் குறை சொல்வது இயல்புதானே என்ற ஆட்சேபத்தை எதிர்பார்த்து, அந்த வேலைகளை வெளியிலிருந்தும் மதிப்பிடச் செய்தார்கள். அந்த மதிப்பீட்டிலும் அதே போக்கு தெரிந்தது. கடைநிலை ஊழியரின் குழந்தைப் பருவமும் குடியிருப்பும் வேறாயிருக்கும் என்பதை முழுக்கக் கழித்துவிட முடியாது. ஆனாலும் எலிகளும் எழுத்தர்களும் ஒரே பக்கம் கை காட்டுவதைத் தற்செயல் என்று தள்ளுவது கடினம்.

இதை ஏற்றுக்கொண்டால், அழுத்தத்தைச் சமாளிக்க என்ன செய்யலாம் என்ற கேள்விக்கும் பதில் சற்று இடம் மாறுகிறது. 'டென்ஷன் ஆகாதீங்க' என்பது அறிவுரைபோல் ஒலிக்கும். அதைக் கேட்டு டென்ஷன் குறைந்தவர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. உடம்பு வழியாகப் போகும் முறைகளுக்குச் சான்று உண்டு. பெர்னார்டி என்ற இத்தாலிய ஆய்வாளர் 23 பேரை லத்தீன் ஜெபமாலையும் பௌத்த மந்திரமும் சொல்ல வைத்தபோது, இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்கி, ரத்த அழுத்தத்தைச் சீராக்கும் அனிச்சைச் செயல் வலுப்பட்டது. எந்தச் சாமியைக் கும்பிட வேண்டும் என்பதில் நரம்பு மண்டலத்துக்கு அபிப்பிராயம் இல்லை. மூச்சு மெதுவாகப் போனால் போதும். நடை, தூக்கம், மனம்விட்டுப் பேச ஓர் ஆள் ஆகியவை யாவரும் அறிந்தவை. ஸ்வீடனின் உப்சாலாவில் இதய நோயாளிகள் 362 பேரைக் குலுக்கிப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ஓராண்டில் இருபது அமர்வுகள் குழுவாக மன அழுத்தப் பயிற்சி தந்தார்கள். சுமார் எட்டு ஆண்டுகளில் அவர்களுக்கு மறுபடி வந்த இதய, ரத்தக்குழாய்ப் பாதிப்புகள் 41 சதவீதம் குறைவு. உடனே கொண்டாடிவிடக் கூடாது. மாரடைப்பு வந்து மனச்சோர்விலோ தனிமையிலோ இருந்த 2,481 பேரிடம் அமெரிக்காவில் நடந்த, 2003-இல் வெளியான பெரிய ஆய்வில், உளச்சிகிச்சையால் மனம் தேறியது. ஆனால் இறப்போ மறு மாரடைப்போ குறையவில்லை. என் கணிப்பில், தன் அன்றாடத்தைக் கையாளும் திறனை நீண்ட காலம் பழக்கும் முறைகளே பலன் தருகின்றன. வருத்தத்தை மட்டும் குறைப்பது போதவில்லை. இது கணிப்புத்தான், இரண்டு ஆய்வுகளின் நோயாளிகளும் ஒரே மாதிரியானவர்கள் அல்லர்.

ஆனால் கட்டுப்பாடும் முன்னறிவிப்பும்தான் முக்கியம் என்றால், மூச்சுப்பயிற்சி மட்டுமே தீர்வாக முடியாது. அடுத்த வாரம் எந்த ஷிஃப்ட் என்பதை ஞாயிறு இரவு வரை சொல்லாமல் வைத்திருந்து, திங்கட்கிழமை ஊழியர்களுக்குத் தியான வகுப்பு நடத்தும் அலுவலகம், ஒலி எழுப்பாமல் எலிக்கு அதிர்ச்சி கொடுத்துவிட்டு அதை நிதானமாக இருக்கச் சொல்கிறது. பட்டியலை இரண்டு வாரம் முன்னால் ஒட்டுவதற்குப் பெரிய செலவில்லை. வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கு, வாரத்தில் இன்ன நாள் இன்ன நேரம் இன்னொருவர் வந்து மாற்றிவிடுவார் என்ற உறுதியும் அதே வகை மருந்துதான். அந்த ஓய்வு சில மணி நேரமே என்றாலும் எப்போது வரும் என்று தெரியும்.

கடைசியாக ஓர் ஆட்சேபம், இது நோயாளிகள் பக்கத்திலிருந்து வருவது: மன அழுத்தத்தைக் காரணமாகச் சொன்னால் பழி நோயாளியின் தலையில் விழாதா, மனதை அடக்கத் தெரியாதவர் என்று? அல்சரை அப்படிப் பார்த்த காலத்தில் அதுதான் நடந்தது. ஆன்ட்டிபயாடிக் வேண்டியவர்களுக்கு உபதேசம் கிடைத்தது. எனவே வரிசை முக்கியம். வயிற்றுவலியோடு வருபவருக்குக் கிருமிச் சோதனையும், என்ன வலிமாத்திரை சாப்பிடுகிறார் என்ற கேள்வியும் முதலில் வர வேண்டும். மலம் தார்போல் கறுத்தாலோ, ரத்தமாக வாந்தி வந்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ காத்திருக்கக் கூடாது. ஆன்ட்டிபயாடிக்கை வலி நின்றுவிட்டது என்று பாதியில் நிறுத்தக் கூடாது. இவ்வளவும் முடிந்த பிறகு தூக்கம் எப்படி, வேலை எப்படி, வீட்டில் யார் உதவி என்று மருத்துவர் கேட்பதற்கு இரண்டு நிமிடம் போதும். அந்தப் பதிலும் மருந்துச்சீட்டைப் போலவே நோயாளியின் கோப்பில் ஏற வேண்டியதுதான்.